ஓட்ஸ் பானை

டுலூத்
18 ஏப்ரல் 1993

அன்புத் தம்பி ஓன்னிக்கு,

நான் சுகம். என் முழங்கால் மட்டும் மழை வருவதை ஒரு நாள் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. வானொலிக்காரனைவிடக் கெட்டிக்காரத்தனம் அதற்கு. உன் இருமல் எப்படி? கப்பல் ஏறும்போது நான் கொடுத்தனுப்பிய மருந்தை ஏரிக்குக் குடிக்கக் கொடுத்திருக்கமாட்டாய் என்று நம்புகிறேன்.

இங்கே ஏரியில் இன்னும் பனிக்கட்டி மிதக்கிறது. காலையில் ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரிவதில்லை. கப்பல்கள் வானத்திலிருந்து இறங்கி வருவதுபோல வருகின்றன. உன்னுடையது வருவதில்லை. முப்பது வருடம் டுலூத் கப்பலிலேயே வேலை பார்த்துவிட்டு, இப்போது மூன்று வருடமாக இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத சுண்ணாம்புக்கல் ஏற்றும் கப்பலாகப் பார்த்து ஏறுகிறாய். போகட்டும், அதைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை.

உன் மகளுக்குக் கல்யாணம். அக்டோபர் ஒன்பது, சனிக்கிழமை. மாப்பிள்ளை ஆர்லன்தான், பனி தள்ளும் லாரி ஓட்டுகிறானே, அந்த நெட்டைப் பையன். போன ஞாயிறு கைஸா வந்து, என் ஏலக்காய் ரொட்டியில் பாதியைத் தீர்த்துவிட்டுச் சொன்னாள்:

"அத்தை, விருந்துக்கு அம்மாவோட பியர் வேணும். கடையில வாங்குறது வேண்டாம்."

"அது உங்க அப்பா காய்ச்சுறதுடி."

"அம்மாவுக்காகக் காய்ச்சினது. அப்ப அது அம்மாவோடதுதான்."

அவள் அம்மா ஹெல்மி கண்ணை மூடி, வருகிற நவம்பரோடு மூன்று வருடம். அன்றோடு நீ காய்ச்சுவதையும் நிறுத்தினாய், வீட்டையும் விற்றாய். உன் பானைகள் என் கீழறையில் தூசி தின்கின்றன. நேற்று அவற்றைக் கழுவும்போது பெரிய பானைக்குள் உன் கையெழுத்தில் ஓர் அட்டை கிடைத்தது. மால்ட் பாகு இரண்டு டின். கிரிஸ்டல் மால்ட் ஒரு பவுண்டு. கருக வறுத்த மால்ட் ஒரு பிடி. ஓட்ஸ் ஒரு பவுண்டு. ஹாப்ஸ் பூ வழக்கம்போல.

வழக்கம்போல! உன் வழக்கம் எனக்கு எப்படியடா தெரியும்? நான் காய்ச்சப்போகிறேன். செய்முறையை எழுது, வாயைத் திறந்து எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். இருமலுக்குச் சூடாக ஏதாவது குடி.

உன் அக்கா
வியேனோ


கப்பலிலிருந்து
2 மே 1993

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. மருந்தைக் குடித்தேன், ஏரிக்குப் பங்கு கொடுக்கவில்லை. உன் முழங்காலுக்கு என் விசாரிப்பைச் சொல்.

உன் கடிதம் டெட்ராய்ட் ஆற்றில் கிடைத்தது. தபால் படகு எங்களோடு ஒட்டி வந்தபோது நான்தான் வாளியை இறக்கினேன். படகுக்காரன் கடிதக் கட்டைப் போட்டான், கயிற்றை இழுத்தேன். வாளிக்குள் மேலாக உன் கையெழுத்து கிடந்தது. படித்துவிட்டு வெகுநேரம் தளத்தில் நின்றேன். கரையில் ஆப்பிள் மரங்கள் பூத்திருந்தன, கப்பல் நகர்கிறதா மரங்கள் நகர்கின்றனவா என்று தெரியாதபடி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தோம். என் கைஸாவுக்குக் கல்யாணம் என்று ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.

செய்முறை எளிது. மால்ட் என்பது முளைகட்டிக் காயவைத்த பார்லிதான். தானியங்களை மெல்லிய துணிப்பையில் தளர்வாகக் கட்டு. தண்ணீர் நூற்றைம்பத்தைந்து டிகிரி ஃபாரன்ஹீட் வந்ததும் பையை இறக்கி அரைமணி நேரம் ஊறவை. நூற்றெழுபதுக்கு மேல் போகவிடாதே. உமியின் துவர்ப்பு இறங்கிவிடும். தேயிலைப் பை மாதிரிதான். பையை எடுத்து வடியவிடு, அடுப்பை அணைத்துவிட்டுப் பாகை ஊற்றிக் கலக்கு, இல்லாவிட்டால் அடிப்பிடிக்கும். பிறகு கசப்புக்கான ஹாப்ஸ் பூவோடு ஒரு மணி நேரம் கொதிக்கவை. ஆறியதும் ஈஸ்ட். இரண்டு வாரம் தொடாதே. அவ்வளவுதான்.

ஒன்று கேட்க வேண்டும். கைஸா எனக்கு அழைப்பு அனுப்புவாளா? அவள் எனக்கு எழுதி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அக்டோபரில் வேலை நெருக்கும், கேப்டனிடம் இப்போதே விடுப்புச் சொல்லி வைத்தால் நல்லது. அவளிடம் கேட்டு எழுது.

நன்றாகச் சாப்பிடு. படிகளில் பார்த்து இறங்கு.

உன் தம்பி
ஓன்னி


டுலூத்
13 ஜூன் 1993

அன்புத் தம்பிக்கு,

சுகத்துக்குக் குறைவில்லை, மானம்தான் போய்விட்டது.

நீ எழுதியபடி ஒரு வரி பிசகாமல் செய்தேன். மே இருபத்திரண்டு, சனிக்கிழமை. ஓட்ஸையும் மால்ட்டையும் ஒரே பையில் கட்டினேன். வெப்பமானியைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். கீழறை முழுக்க இனிப்பு வாசனை, ஜன்னல்களில் ஆவி. கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன் போலிருக்கிறது, ஹெல்மி படியில் உட்கார்ந்து சிரிப்பது மாதிரி இருந்தது. விழித்துப் பையைத் தூக்கினால், ஐயோ! பையிலிருந்து கோந்து சொட்டுகிறது. பிழிந்த கைவிரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சரி, இதுவும் வழக்கம்போலத்தான் என்று நினைத்துப் பாகை ஊற்றிக் கொதிக்கவிட்டேன்.

போன ஞாயிறு பாட்டிலில் அடைக்குமுன் ஒரு கண்ணாடித் தம்ளரில் ஊற்றி ஜன்னலில் பிடித்தேன். ஹெல்மி பிடிப்பாளே, அதேபோல. அவள் தம்ளரில் ஏரி தெரியும், செம்பழுப்பாக, சூரியன் விழுகிற நேரத்து ஏரி. என் தம்ளரில் ஒன்றும் தெரியவில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர் தோற்றது. குடித்தால் கஞ்சி. ஆர்லன் பாவம், முழுத் தம்ளரையும் குடித்துவிட்டு, "உடம்புக்கு நல்லதா இருக்கும்போல" என்றான். கைஸா வாயில் வைத்துவிட்டுக் கீழே வைத்தாள்.

மால்ட் வாங்கிய க்ளெம் கடையில் கேட்டேன். அவன் தாடியைச் சொறிந்துகொண்டு, "அட்டையில இருக்கறதைத்தானே செஞ்சீங்க, உங்க தம்பியைக் கேளுங்க" என்று கைகழுவிவிட்டான். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். நீ சட்டியில் எதையோ போடாமல் விட்டிருக்கிறாய். என்ன அது?

அழைப்பு அட்டை இன்னும் அச்சில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பார்க்கலாம்.

இங்கே மழை. உன் பனியனைத் துவைத்துப் போடு, நாற்றத்தோடு திரியாதே.

அக்கா


கப்பலிலிருந்து
24 ஜூன் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு சிரிக்க முடியவில்லை.

தப்பு என்னுடையது. ஓட்ஸை ஊறவைக்கக் கூடாது என்பதை எழுதவே மறந்திருக்கிறேன். ஏன் மறந்தேன் என்று நேற்று முழுக்க யோசித்தேன். ஓட்ஸ் பானை என் வேலையே இல்லை, அக்கா. நான் பெரிய பானையில் பையை ஊறவைப்பேன். பக்கத்து அடுப்பில் சின்னப் பானையோடு ஹெல்மி நிற்பாள். கைஸா முக்காலியில் ஏறி நின்று வெப்பமானியைப் படித்துச் சொல்வாள். கடைசியில் ஹெல்மி அந்தப் பானையைக் கொண்டுவந்து என் பானையில் வடித்து ஊற்றுவாள். இருபது வருடம் ஊற்றினாள். அது தானாகவே வருகிறது என்று நான் இருந்துவிட்டேன்.

க்ளெம் கடையில் கிரிஸ்டல் மால்ட்டில் ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார். உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கும், கடலை மிட்டாயின் பாகு ருசி. அதன் மாவெல்லாம் சூளையிலேயே சர்க்கரையாகிவிட்டது. வெந்நீரில் ஊறவைத்தாலே இருப்பதைக் கொடுத்துவிடும். ஓட்ஸைக் கடித்தால் வெறும் வெள்ளை மாவு. ஊறவைத்தால் மாவுதான் இறங்கும், கஞ்சிதான் வரும். அந்த மாவைச் சர்க்கரையாக்கும் சத்து அதனிடம் இல்லை, அதிகம் வறுக்காத வெளிர் மால்ட்டிடம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, குறைந்த தண்ணீரில், ஒரே சூட்டில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். அதைத்தான் மாஷ் போடுவது என்பார்கள்.

முதலுதவிப் பெட்டியில் அயோடின் இருக்கும். உன் பியரில் ஒரு கரண்டியை வெள்ளைத் தட்டில் விட்டு, ஒரு சொட்டுப் போடு. கருநீலமானால் மாவு. நிறம் மாறாவிட்டால் மாவு எல்லாம் சர்க்கரையாகிவிட்டது என்று அர்த்தம்.

அழைப்பைப் பற்றிக் கேட்டாயா? அச்சடிக்க இத்தனை நாளா?

உன் தம்பி
ஓன்னி


டுலூத்
11 ஜூலை 1993

ஓன்னிக்கு,

நலமாக இருக்கிறாய்தானே? நானும் இருக்கிறேன்.

மணிகளைக் கடித்துப் பார்த்தேன். நீ சொன்னது சரி. ஒன்று மிட்டாய், ஒன்று மாவு. என் பியரில் அயோடின் விட்டேன். மெதுவாக, புகை பரவுவதுபோலப் பரவி, தட்டு முழுக்க மைக்கறுப்பாகிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு கறுப்பு இதற்குள் இருந்தது வெளியே தெரியவே இல்லையே என்று நினைத்தேன்.

நீ இரண்டு மாதமாக ஒரே கேள்வியைக் கேட்கிறாய், நான் ஓட்ஸைப் பற்றியே எழுதுகிறேன். இனி மறைக்க எனக்குத் தெம்பில்லை. அழைப்பு அட்டைகள் ஜூன் முதல் வாரமே வந்துவிட்டன. கைஸா என் மேசையில் உட்கார்ந்து எல்லா உறைகளிலும் முகவரி எழுதினாள். ஓர் உறையில் மட்டும் எழுதவில்லை. அது இன்னும் என் சர்க்கரை டப்பாவில் சாய்ந்து நிற்கிறது.

நான் காய்ச்சிய அந்த வாரம் அவள் பாட்டில் மூடி வாங்க க்ளெம் கடைக்குப் போயிருக்கிறாள். அங்கே விர்ஜில் நின்றிருக்கிறான், உன் பழைய கப்பலில் தளத்து வேலை பார்த்தவன். கல்யாணச் செய்தி கேட்டுச் சந்தோஷப்பட்டு, பேச்சு வளர்ந்து ஹெல்மியில் வந்து நின்றிருக்கிறது. கைஸா சாதாரணமாகச் சொல்லியிருக்கிறாள், "அன்னிக்கு மட்டும் மூடுபனி இல்லாம இருந்திருந்தா அப்பா அடக்கத்துக்கு வந்திருப்பாரு."

அவன், "மூடுபனியா? அன்னிக்கு சூ மதகுல கப்பல் நின்னப்ப வெயில் கண்ணைக் கூசிச்சே" என்றானாம். "கேப்டன் இறங்கிக்கச் சொன்னாரு. உங்க அப்பா பையைக் கையில வெச்சுக்கிட்டுக் கம்பியோரம் நின்னாரு. இறங்கல. நாங்க யாரும் கேட்டுக்கல."

அன்று சாயங்காலம் கைஸா என் அடுப்பங்கரையில் வந்து நின்றாள். அழவில்லை. "அத்தை, மூணு வருஷமா நான் மூடுபனி மேல கோவமா இருந்தேன்" என்றாள். "இனிமே யார் மேல இருக்கணும்னு தெரிஞ்சுபோச்சு. அவர் வர வேண்டாம்."

நானும் உன்னை நம்பினேன், ஓன்னி. மூன்று நாள் ஆற்றில் நங்கூரம் போட்டு நின்றோம் என்றாய், அடக்கம் முடிந்து இரண்டு நாள் கழித்து வாசலில் வந்து நின்றாய், கோட்டைக் கழற்றி உன்னை உட்காரவைத்துச் சூப் ஊற்றினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாய். மூடுபனி இருந்ததா, இல்லையா? எனக்கு எழுது.

வியேனோ


கப்பலிலிருந்து
20 ஜூலை 1993

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே வெப்பம் அதிகம்.

மாஷ் அளவுகளைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஓட்ஸ் ஒரு பவுண்டு, வெளிர் மால்ட் இரண்டு பவுண்டு. தண்ணீர் ஒரு கேலன். நூற்றைம்பத்திரண்டு டிகிரி. பானையைக் கம்பளியில் சுற்றி வை, சூடு இறங்காது. ஒரு மணி நேரம். பிறகு வடித்து, வெந்நீர் ஊற்றி அலசி, பெரிய பானையில் சேர். கிரிஸ்டல் மால்ட்டை முன்போலவே தனியாக ஊறவைத்தால் போதும்.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

ஓன்னி


டுலூத்
26 ஜூலை 1993

ஓன்னி,

உன் சுகத்தை நான் விசாரிக்கப்போவதில்லை. நூற்றைம்பத்திரண்டு டிகிரியா? நான் கேட்டது அதுவா? கல்லுளிமங்கா!

செப்டம்பர் தொடக்கத்துக்குள் காய்ச்சாவிட்டால் கல்யாணத்துக்குப் பியர் இல்லை. அதைவிடச் சீக்கிரம் நீ பேசாவிட்டால் உனக்கு மகளும் இல்லை. நான் பெற்றுப்போடாதவள்தான், ஆனால் இவ்வளவு எனக்குத் தெரியும்.

வியேனோ


கப்பலிலிருந்து
15 ஆகஸ்ட் 1993

அன்புள்ள அக்கா,

நீ நலமாக இருக்க வேண்டும். என் உடம்புக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் இல்லை. இந்த மூன்று வாரத்தில் ஆறு கடிதம் எழுதி ஆறையும் கிழித்து ஏரியில் போட்டேன். இது ஏழாவது. இன்று தபால் படகு வரும், கிழிக்க நேரமில்லை.

மூடுபனி இல்லை.

செவ்வாய் பகலில் கேப்டன் என்னை மேலே கூப்பிட்டார். வானொலியில் செய்தி வந்திருந்தது. ஹெல்மி அடுப்பங்கரையில் விழுந்தாள், எழவில்லை. அவர் என் தோளில் கை வைத்து, "சாயங்காலம் சூ போயிடுவோம், அங்க இறங்கிக்க ஓன்னி, பஸ் பிடிச்சா காலையில வீடு" என்றார். நான் கீழே போய்ப் பையில் துணியை அடுக்கினேன். சவரம் செய்துகொண்டேன். அவள் பார்க்கப்போவதுபோல நிதானமாகச் செய்துகொண்டேன்.

மதகுக்குள் கப்பல் நுழைந்தபோது பின்னால் கதவு மூடியது. உனக்கே தெரியும், கப்பலை ஆற்று மட்டத்துக்கு இறக்கத் தண்ணீரை வடிப்பதற்கு முன் மதகின் மதில் தளத்துக்குச் சமமாக நிற்கும். ஓர் எட்டு வைத்தால் கரை. வெயில் மஞ்சளாக விழுந்திருந்தது. மதில்மேல் ஒருவர் நாயைப் பிடித்துக்கொண்டு நின்றார், நாய் என்னைப் பார்த்து வாலாட்டியது. எல்லாம் கனவுபோல மெதுவாக நடந்தது. என் கால் போகவில்லை அக்கா.

கப்பலில் இருந்தவரை அவள் அடுப்பங்கரையில் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வருடம் அப்படித்தானே? நான் தண்ணீர்மேல், அவள் அங்கே. நான் வீட்டுக்குள் காலை வைத்தால்தான் அவள் இல்லாமல் போவாள் என்று தோன்றியது. இன்னும் ஒரு நிமிடம், இன்னும் ஒரு நிமிடம் என்று நின்றேன். அதற்குள் தண்ணீர் இறங்கத் தொடங்கிவிட்டது. மதில் என் இடுப்புக்கு வந்தது, தோளுக்கு வந்தது, தலைக்கு மேலே போனது. நாயும் மறைந்தது. முன்கதவு திறந்தது, கப்பல் போனது. கேப்டன் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

கப்பல் போய்ச் சேர்ந்த ஒஹாயோவில் இறங்கி, பஸ்ஸில் வரும் வழியில் மூடுபனியைக் கற்பனை செய்தேன். எவ்வளவு நேரம், எந்த வளைவில், எத்தனை கப்பல்கள் நின்றன என்றெல்லாம். சொல்லிச் சொல்லி எனக்கே அது நடந்ததாகிவிட்டது. சில நாள் கனவில் அந்த மூடுபனியைத்தான் பார்க்கிறேன். அதற்காகத்தான் டுலூத் கப்பலை விட்டேன். அந்த மதகு வழியாக அதற்குப் பிறகு என்னால் போக முடியவில்லை.

நான் பயந்துவிட்டேன். அவள் அம்மா கிடந்த வீட்டில் கைஸாவைத் தனியாக விட்டேன். இதை அவளிடம் நேரில் சொல்லத் துணிவில்லாமல்தான் மூன்று வருடம் ஓடினேன். இந்தக் கடிதத்தை அவளிடம் கொடு. நான் அழைப்புக் கேட்கவில்லை. உண்மை அவளுக்குச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

உன் தம்பி
ஓன்னி


டுலூத்
29 ஆகஸ்ட் 1993

அன்புத் தம்பி ஓன்னிக்கு,

சாப்பிடுகிறாயா? முதலில் சாப்பிடு. பிறகு இதைப் படி.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது, பத்தொன்பதாம் தேதி. படித்துவிட்டு எனக்கு உன்மேல் கோபம் வந்தது, பிறகு உன் சவரத்தை நினைத்து அழுகை வந்தது. சாயங்காலம் கைஸாவிடம் கொடுத்தேன். கீழறைக்குக் கொண்டுபோய் அந்த அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டே படித்தாள். மேலே வந்தாள். "சரி அத்தை" என்றாள். போய்விட்டாள். எட்டு நாள் அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அப்பனுக்கு மகள் தப்பாமல் பிறந்திருக்கிறாள் என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

நேற்றுக் காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டுகிறாள். ஒரு கையில் வெளிர் மால்ட், ஒரு கையில் ஓட்ஸ். கக்கத்தில் ஹெல்மியின் சாம்பல்நிறக் கம்பளிச் சால்வை.

"உங்க அப்பா எழுதின அளவு இருக்குடி, எடுக்கட்டுமா?" என்றேன்.

"எனக்குத் தெரியும். முக்காலியில நின்னது நான்தானே."

தண்ணீரைச் சுடவைத்தாள், தானியத்தைப் போட்டுக் கிளறினாள், வெப்பமானியைப் பார்த்து, "நூத்தி ஐம்பத்திரண்டு" என்று உரக்கச் சொன்னாள். யாருக்குச் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது. பானையைச் சால்வையில் சுற்றி இறுக்கிக் கட்டினாள். பிறகு இரண்டு பேரும் படியில் உட்கார்ந்தோம். வெளியே ஏரியில் ஒரு கப்பல் நீளமாக ஊதியது, துறைமுகத் தூக்குப்பாலம் பதில் ஊதியது. ஜன்னலில் ஆவி படிந்து வெளிச்சம் பால்போல இருந்தது.

அவளாகவே பேசினாள். "அன்னிக்கு அவர் வந்திருந்தா நான் அவரோட சண்டை போட்டிருப்பேன் அத்தை. அவர்மேல சாஞ்சு அழுதிருப்பேன். ரெண்டுக்கும் ஆள் இல்லாம போச்சு. சாவுவீட்டுக்கு வந்தவங்களுக்கெல்லாம் காப்பி ஊத்திக்கிட்டே இருந்தேன்."

"எனக்குத் தெரியும்டி."

"அவருக்கும் ஆள் இல்லைன்னு இப்பத்தான் தெரியுது. கப்பல் நிறைய ஆம்பளைங்க, ஒருத்தன்கூட வாயைத் திறக்கல" என்றாள். அதற்குமேல்தான் அழுதாள். பானை அந்தப் பக்கம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

இருபது நிமிடத்தில் நான் பொறுக்காமல் அயோடின் பாட்டிலை எடுத்தேன். கறுத்தது. "ஆக்கப் பொறுத்தவங்களுக்கு ஆறப் பொறுக்கலையாக்கும்" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேலி செய்கிறாள்! ஒரு மணி ஆனதும் அவளே ஒரு சொட்டு விட்டாள். தட்டில் அது பழுப்பாகவே நின்றது. கறுக்கவில்லை. இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம்.

சின்னப் பானையைப் பெரிய பானையில் வடித்து ஊற்றினாள். இப்போது கீழறையில் அது குமிழிவிட்டுக்கொண்டிருக்கிறது. அழைப்பைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் சொல்லத் தெரிந்ததைச் சொல்லிவிட்டேன். இனி பொறு.

அக்கா


டுலூத்
12 செப்டம்பர் 1993

அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் இருக்க வேண்டும்.

இன்று பியரைப் பாட்டிலில் அடைத்தோம். நாற்பத்தொன்பது பாட்டில். மிச்சத்தைத் தம்ளரில் ஊற்றி ஜன்னலில் பிடித்தேன். ஏரி தெரிந்தது.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்து, எழுதாமல் நிறுத்தினேன். இப்போதே அப்படி எழுதினால் அதுவும் ஒரு மூடுபனிக் கதையாகிவிடும். நம் வீட்டுக்கு அந்தக் கதை ஒன்றே போதும். எனக்கு உங்கள்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. அதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்க வேண்டும்.

வியாழக்கிழமை, அக்டோபர் ஏழு, பாட்டில்களைக் கீழறையிலிருந்து ஏற்றி சர்ச்சுக்குக் கொண்டுபோக ஆள் வேண்டும். அத்தைக்கு முழங்கால். ஆர்லனை நம்பினால் பாதி வழியில் குடித்துப் பார்த்துவிடுவான். நீங்கள் வந்துவிடுங்கள். சண்டையை அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம், சனிக்கிழமை வேண்டாம். சனிக்கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டு பீடம்வரை நடக்க வேண்டும். நடுவில் நின்றுவிடக் கூடாது.

அழைப்பை இதோடு வைத்திருக்கிறேன். சர்க்கரை ஒட்டியிருக்கும், அத்தை வேலை. உறைமேல் முகவரியை இன்றுதான் எழுதினேன்.

கைஸா


சூ சேன்ட் மரி
6 அக்டோபர் 1993

அன்புள்ள அக்காவுக்கும் கைஸாவுக்கும்,

நான் நலம். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்து சேர்ந்துவிடுவேன், தெரியும். இருந்தாலும் இங்கிருந்து எழுத வேண்டும்போல இருந்தது.

நேற்று ரோஜர்ஸ் சிட்டியில் கப்பலிலிருந்து இறங்கினேன். கேப்டன், "எத்தனை நாள் வேணும்?" என்றார். "தெரியல, என் பொண்ணு சண்டை போட்டு முடிக்கிற வரைக்கும்" என்றேன். அவருக்கும் இரண்டு பெண்கள், தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நேர்வழியில் வரும் பஸ்ஸில் ஏறாமல், சுற்றிக்கொண்டு சூ வழியாக வரும் பஸ்ஸில் ஏறினேன். மதகைக் கரையிலிருந்து ஒரு தடவை பார்க்க வேண்டியிருந்தது.

இப்போது அந்த மதிலோரம்தான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். சவரம் செய்துகொண்டேன், அவசரத்தில் தாடையில் வெட்டிக்கொண்டேன். சிரிக்காதீர்கள்.

கைஸா, நீ நம்பமாட்டாய், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இன்று இங்கே மூடுபனி. நிஜமான மூடுபனி. காலையிலிருந்து ஒரு கப்பலும் மதகுக்குள் வரவில்லை, எல்லாம் ஆற்றில் நங்கூரம் போட்டு ஊதிக்கொண்டிருக்கின்றன. மதிலும் தெரியவில்லை, தண்ணீரும் தெரியவில்லை. கைநீட்டித் தொட்டுப் பார்த்துத்தான் மதில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

டிக்கெட் கொடுக்கிற அம்மாவிடம், "இந்தப் பனியில பஸ் போகுமா?" என்று கேட்டேன்.

"மெதுவாப் போகும். ஏன், பயமா இருக்கா?" என்றாள்.

"இருக்கு" என்றேன். "ஒரு டிக்கெட் கொடுங்க. டுலூத்துக்கு."

அப்பா